ஏதென்ஸ் பேட்டையில் ஒரு தமிழ் நூலகம்

ஒரு சிடியிலிருந்து ஆரம்பிக்கிறேன். எங்க ஊர் வாலிகண்டபுரத்தைப் பற்றி என் சித்தப்பா நாற்பது பக்கத்துக்கு ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார். வாலீஸ்வரர் கோயில், ஏரி, தெருப் பெயர்கள், ரஞ்சன்குடிக் கோட்டை, 1751-ல் பிரெஞ்சுக்காரர் பக்கம் நின்ற சந்தா சாகிபும் ஆங்கிலேயர் பக்கம் நின்ற முகமது அலியும் இங்கே மோதிக்கொண்ட கதை, எல்லாம் அதில் உண்டு. 2003 வாக்கில் ஒரு டிடிபி கடையில் தட்டச்சு செய்து, கொஞ்சம் படி எடுத்து, சொந்தக்காரங்களுக்குக் கொடுத்தார். அச்சான படிகளில் இப்போது வீட்டில் இருப்பது ஒன்றுதான். அதிலும் பதினோரு பக்கம்தான் மிச்சம். ஆனா கடைக்காரர் கொடுத்த சிடி பத்திரமா இருந்தது. போட்டுப் பார்த்தேன். கோப்பு திறந்தது. ஆனா ஒரு எழுத்துகூடத் தமிழ் இல்லை. தலையில் கொம்பும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் நாற்பது பக்கத்துக்கு ஓடின. எழுத்துருவின் பெயர் மட்டும் தெரிந்தது. எழுத்துரு இல்லை, கடையும் இப்போ இல்லை.

இதைச் சரி பண்ண வழி தேடும்போதுதான் முனைவர் கு. கல்யாணசுந்தரத்தின் வலைப்பக்கங்களை ஆரம்பத்திலிருந்து திரும்பவும் படித்தேன். மதுரைத் திட்டம் என்று சொன்னால் பலருக்கும் தெரியும். சங்க இலக்கியத்தையோ பொன்னியின் செல்வனையோ இணையத்தில் தேடியவர்கள் ஒருமுறையாவது அங்கே போயிருப்பார்கள். அதற்கு முன்னாடி இருந்த தனி மனிதரின் வலைத்தளம் பலருக்கு நினைவில் இல்லை. புத்தகத்துக்கு மதிப்புரை எழுதுகிறோம், சினிமாவுக்கு எழுதுகிறோம். கால் நூற்றாண்டாக நம் வாசிப்பையே மாற்றிய ஒரு வலைத்தளத்துக்கு யாரும் விமர்சனம் எழுதுவதில்லை. ‘நல்ல சேவை’ என்று ஒரு வரி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இது அந்த ஒரு வரியைத் தாண்டிப் போகும் முயற்சி.

வேதியியலாளரின் பொழுதுபோக்கு

கல்யாணசுந்தரம் தொழிலால் வேதியியலாளர். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் உள்ள கூட்டாட்சித் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஒளிவேதியியல் ஆய்வில் இருந்தவர். சாயம் பூசிய சூரிய மின்கலத்துக்குப் பெயர்போன மைக்கேல் கிரெட்செலோடு வேலை பார்த்தவர். பைரீன் என்ற மூலக்கூறின் ஒளிர்வு பற்றி ஜே. கே. தாமஸுடன் சேர்ந்து 1977-ல் எழுதிய கட்டுரையை அந்தத் துறையில் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். தமிழ்ப் பேராசிரியரும் இல்லை, கணினி நிறுவனக்காரரும் இல்லை. தமிழ்க் கணிமை அவருக்கு ஆய்வகம் முடிந்த பிறகு செய்த வேலை.

1990களின் முற்பகுதியில் கணினியில் தமிழ் எழுத வேண்டுமென்றால் முதலில் எழுத்துரு வேண்டும். அவர் ‘மயிலை’ என்று ஒன்றை உருவாக்கி இலவசமாகக் கொடுத்தார். பிறகு ஜியோசிட்டீஸில் ஒரு வீடு பிடித்தார். சின்னப் பிள்ளைகளுக்கு ஜியோசிட்டீஸ் தெரியாது. அது இலவசமாக வலைப்பக்கம் வைத்துக்கொள்ள இடம் கொடுத்த நிறுவனம். ஊர் மாதிரி பேட்டை பேட்டையாகப் பிரித்து, ஒவ்வொரு வீட்டுக்கும் கதவு எண் கொடுப்பார்கள். படிப்பு, இலக்கியம், தத்துவம் என்றால் ஏதென்ஸ் பேட்டை. அதில் 5180-ஆம் எண் வீடுதான் கல்யாணசுந்தரத்தின் ‘தமிழ் மின்நூலகம்’.

இன்றைய கண்ணுக்கு அந்தப் பக்கம் எளிமையாகத் தெரியும். நீல நிற இணைப்புகள், வரிசையாகப் பட்டியல்கள், அவ்வளவுதான். ஆனா அந்தப் பட்டியல்களை உட்கார்ந்து படித்தால் ஒரு ஆளின் மனசு தெரிகிறது. எழுத்துரு எங்கே கிடைக்கும், எப்படி நிறுவுவது, தமிழ் இலக்கியத்தில் என்னென்ன நூல் உண்டு, எது ஏற்கெனவே மின்வடிவில் இருக்கிறது, இசை, கோயில் என்று ஒரு வெளிநாட்டுத் தமிழருக்குத் தேவைப்படும் எல்லாமே அங்கே இருந்தன. தேடுபொறிகள் தமிழைக் கண்டுகொள்ளாத காலம் அது. இணைப்புப் பட்டியல் போடுவதே அப்போது நூலகர் வேலைதான்.

வீடு சத்திரமான கதை

1998 பொங்கல் அன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. அமெரிக்காவில் வர்ஜீனியாவிலிருந்த குமார் மல்லிகார்ச்சுனன் துணை ஒருங்கிணைப்பாளர். 1971-ல் மைக்கேல் ஹார்ட் தொடங்கிய குட்டன்பர்க் திட்டம் முன்மாதிரி. தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்வார்கள், வேறொருவர் மெய்ப்புப் பார்ப்பார், யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். முதல் எண் திருக்குறளுக்கு. தமிழ் இணையக் கல்விக்கழகம் (அப்போது பல்கலைக்கழகம்) வந்தது 2001-ல். ஈழத்து நூல்களுக்கான நூலகம் திட்டம் 2005-ல். அரசோ பல்கலைக்கழகமோ அசைவதற்கு முன்னாடியே பல நாடுகளில் இருந்த ஆட்கள் மின்னஞ்சலில் பேசிக்கொண்டு இதைச் செய்தார்கள் என்பதுதான் இதில் பெரிய சேதி.

இங்கேதான் தளத்தின் முதல் பெரிய மாற்றம் நடக்கிறது. அதுவரை அது ஒருவர் வீடு. திட்டம் வந்த பிறகு பலர் வந்து தங்கிப் போகும் சத்திரம். வீட்டில் ‘நான்’ இருந்தார், சத்திரத்தில் இல்லை. மதுரைத் திட்டத்தின் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் மேலே ஒரே மாதிரி முகப்பு இருக்கும். தட்டச்சு செய்தவருக்கு நன்றி, மெய்ப்புப் பார்த்தவருக்கு நன்றி, இது திறந்த தன்னார்வ முயற்சி, இந்த முகப்போடு சேர்த்துப் பகிரலாம் என்கிற அறிவிப்பு. அதற்கப்புறம் நேரடியாக நூல். இந்த நூலைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார், ஏன் எடுத்தார் என்று ஒரு சொல் இருக்காது.

எனக்கு இதில் இரண்டு மனசு. நூலை நூலாக விட்டதால்தான் சைவரும் வைணவரும், கிறித்தவரும் முஸ்லிமும், கடவுள் இல்லை என்பவரும் ஒரே இடத்தில் வேலை செய்ய முடிந்தது. அதே சமயம், ஏதென்ஸ் பேட்டை வீட்டில் இருந்த வழிகாட்டும் குரல் போயிடுச்சு. முதல்முறை வரும் பிள்ளைக்கு நூற்றுக்கணக்கான நூல்களின் எண் வரிசைப் பட்டியல்தான் முன்னால் நிற்கிறது. எண் வருவது நூல் சேர்ந்த வரிசையில். காலமோ வகையோ அதில் தெரியாது. திருக்குறள் 1, பொன்னியின் செல்வன் 169 என்றால் நடுவில் என்ன நடந்தது என்று பட்டியல் தானாகச் சொல்லாது. அது யார் எதைத் தட்டச்சு செய்ய ஆசைப்பட்டார்கள் என்பதன் வரலாறு. சிற்றிலக்கியங்களும் தலபுராணங்களும் அங்கே அவ்வளவு இருப்பதற்குக் காரணம் ஒரு குழுவின் திட்டமிட்ட தேர்வு இல்லை, தன்னார்வலர்களின் பிரியம்.

மூன்று முறை வீடு மாறியது

என் சிடி விஷயத்துக்கு வருகிறேன். பழைய எழுத்துருக்கள் என்ன செய்தன? கணினியிடம் ஆங்கில எழுத்தின் எண்ணைக் கொடுத்துவிட்டு, திரையில் தமிழ் உருவத்தை வரைந்தன. பாமினி எழுத்துருவில் ஆங்கில ‘எம்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘அ’ இருக்கும். கணினியைப் பொறுத்தவரை அது எம்-தான். எழுத்துருவை எடுத்துவிட்டால் முகமூடி கழன்றுவிடும். ஒவ்வொரு கடைக்காரரும் ஒவ்வொரு முகமூடி வைத்திருந்தார்.

மதுரைத் திட்டம் தொடங்கியபோது கோப்புகள் மயிலையிலும், முத்து நெடுமாறனின் இணைமதியிலும் இருந்தன. இப்படியே விட்டால் நூலெல்லாம் எழுத்துருவோடு சேர்ந்து செத்துப்போகும் என்று புரிந்த சிலர், கல்யாணசுந்தரமும் அதில் ஒருவர், மின்னஞ்சல் குழுவில் விவாதித்து டிஸ்கி என்ற பொதுக் குறியீட்டைக் கொண்டுவந்தார்கள். பாதி இடம் ஆங்கிலத்துக்கு, மறுபாதி தமிழுக்கு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு டாம், டாப் என்று வேறு இரண்டைப் பிடித்துக்கொண்டது தனிக் கதை. மதுரைத் திட்டம் 1999-ல் டிஸ்கிக்கு மாறியது. 2004 வாக்கில் யூனிகோடுக்கு மாறியது. அதாவது ஏற்கெனவே முடித்த நூல்களைத் திரும்பவும் எடுத்து, மாற்றி, சரிபார்த்து, ஏற்றினார்கள். ஒருமுறை இல்லை, இரண்டு முறை. மூன்றாவது மாற்றம் இடத்தில். 1999-ல் ஜியோசிட்டீஸை யாகூ வாங்கியது, 2009 அக்டோபரில் ஒரேயடியாக இழுத்து மூடியது. ஏதென்ஸ் பேட்டையே இல்லாமல் போனது. நூல்கள் பிழைத்தன, ஏனென்றால் அவை அதற்கு முன்பே வேறு இடத்துக்கு வந்துவிட்டன.

இந்தத் தளத்தின் உண்மையான சாதனை இதுதான் என்று நினைக்கிறேன். ‘எத்தனை நூல் ஏற்றினார்கள்’ என்பதைத்தான் எல்லாரும் பாராட்டுகிறார்கள். எண்ணிக்கையில் இன்று வேறு நூலகங்கள் தாண்டிவிட்டன. ஆனா 1998-ல் தட்டச்சு செய்த ஒரு வரியை இன்றைக்கு என் கைபேசியில் தேடி எடுக்க முடிகிறது. அதே காலத்தில் எத்தனையோ பேர் அழகழகாகத் தமிழ்ப் பக்கம் போட்டார்கள். ஓடும் எழுத்து, சுழலும் விளக்கு, பின்னணிப் பாட்டு எல்லாம் இருந்தது. பெரும்பாலானவை இன்று இல்லை. அவர்களுக்குப் பக்கம்தான் பொருள், எழுத்து அதன்மேல் அலங்காரம். கல்யாணசுந்தரத்துக்கு எழுத்துதான் பொருள், பக்கம் வெறும் பாத்திரம். பாத்திரம் ஓட்டையானால் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடலாம். சோதனைக்கூடத்தில் பழகியவருக்கு இது இயல்பாக வந்திருக்கலாம்.

மாற்றும்போது சிந்தியது

ஆனா பாத்திரம் மாற்றினால் கொஞ்சம் சிந்தத்தான் செய்யும். என் சிடியில் அதைக் கண்ணால் பார்த்தேன்.

கையிலிருந்த பதினோரு அச்சுப் பக்கங்களை வைத்துக்கொண்டு, எந்த ஐரோப்பிய எழுத்துக்கு எந்தத் தமிழ் எழுத்து என்று பட்டியல் போட்டேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. முதல் சிக்கல் ஊர்ப் பெயரிலேயே வந்தது. சித்தப்பா பழைய வழக்கப்படி ‘வாலிகொண்டபுரம்’ என்று எழுதியிருந்தார். அதில் உள்ள ‘கொ’ பழைய எழுத்துருவில் மூன்று துண்டு: முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். தட்டச்சு இயந்திரத்தில் அடிக்கிற வரிசை. யூனிகோடில் அப்படி இல்லை, முதலில் க, பிறகு ஒகரக் குறி. வெறுமனே எழுத்துக்கு எழுத்து மாற்றினால் கொம்பு முந்தின எழுத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். இதற்குத் தனி விதி எழுத வேண்டும்.

அது தெரிந்த சிக்கல். தெரியாமல் கடிக்கிற சிக்கல் வேறு. ‘ர்’ அடிக்கப் பல தட்டச்சர்கள் காலைப் போட்டு மேலே புள்ளி வைப்பார்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும். மாற்றியபோது என் கோப்பில் ‘வாலீஸ்வரர்’ இல்லை, ‘வாலீஸ்வரா்’ இருந்தது. உற்றுப் பார்த்தால்தான் தெரியும். தேடினால் கிடைக்காது. எங்க ஊர்ச் சாமியையே என் கோப்பில் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை! ‘கௌரி’க்கும் இதே கதி. ஔகாரக் குறியின் பின்பாதியும் ‘ள’வும் ஒரே உருவம் என்பதால், கொம்பு, க, ள என்று அடித்திருந்தார்கள். மாற்றினால் ‘கெளரி’. படிக்கிற மனுஷனுக்கு கௌரி, கணினிக்கு கெ-ள-ரி.

பழைய எழுத்துருவிலிருந்து வந்த தமிழ்ப் பக்கங்களில் இந்த இரண்டு பிழையும் நாடு முழுக்கப் பரவிக் கிடக்கிறது. செய்தித்தளத்திலும் இருக்கிறது, அரசு ஆவணத்திலும் இருக்கிறது. நம்மிடம் தமிழ் மின்னுரை நிறைய இருக்கிறது என்று சொல்லும்போது, அதில் எவ்வளவு தேடக் கிடைக்கும் உரை என்று யாரும் கேட்பதில்லை.

மனக்குறைகள்

இந்த அனுபவத்தோடு மதுரைத் திட்டத்துக்குத் திரும்பினால் எனக்கு மூன்று குறைகள் படுகின்றன.

ஒன்று, மூலப் பதிப்பு. ஆரம்ப காலக் கோப்புகள் பலவற்றில் தட்டச்சு செய்தவர் பெயர் இருக்கும், எந்தப் பதிப்பைப் பார்த்து என்பது இருக்காது. உ.வே.சா. பதிப்பா, கழகப் பதிப்பா, மர்ரே ராஜம் பதிப்பா? சங்கப் பாட்டில் பாடபேதம் என்பது சின்ன விஷயம் இல்லை. ஒரு சொல் மாறினால் திணையே மாறலாம். பின்னாள் கோப்புகளில் மூல நூலின் தலைப்புப் பக்க விவரத்தை ஒழுங்காகக் கொடுக்கிறார்கள். தவறிலிருந்து கற்றுக்கொண்ட தளம் இது. ஆனா அதிகம் படிக்கப்படும் நூல்கள் ஆரம்ப காலத்தில் ஏறியவை. வீட்டின் அடித்தளம்தான் சோதிக்கப்படாமல் இருக்கிறது.

இரண்டு, திருத்தங்களின் கணக்கு. ஒரு கோப்பு இரண்டு முறை குறியீடு மாறியிருக்கிறது, நடுவில் பிழை திருத்தியிருக்கலாம். எந்த வரி எப்போது மாறியது என்று வாசகருக்குத் தெரிய வழி இல்லை. நான் ஒரு கட்டுரையில் மேற்கோள் காட்டிய வரி, அடுத்த வருஷம் வேறு மாதிரி இருந்தால், தப்பு என்னுதா கோப்பினுதா? அச்சு நூலில் ‘இரண்டாம் பதிப்பு’ என்று போடுகிற பழக்கம் மின்நூலுக்கு வரவே இல்லை.

மூன்று, முகப்பு ஆங்கிலத்தில் இருப்பது. 1998-ல் அதற்கு நியாயம் உண்டு. எழுத்துரு இல்லாதவருக்கும் இது என்ன என்று புரிய வேண்டும். இன்றைக்கு வேப்பந்தட்டையில் கைபேசியில் புறநானூறு படிக்கிற பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை முதல் பத்து வரியைத் தாண்டித்தான் தமிழுக்கு வர வேண்டியிருக்கிறது. யாருக்கு நன்றி சொல்லியிருக்கிறது என்பதைப் படிக்காமலே தாண்டிவிடுகிறது. அதன் விளைவும் தெரிகிறது. முகப்பை வெட்டிவிட்டு நூலை மட்டும் எடுத்து ஒட்டிய தளங்களும் செயலிகளும் எத்தனை! முகப்போடு பகிருங்கள் என்பதுதான் அவர்கள் வைத்த ஒரே நிபந்தனை. அதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். வெட்டும்போது உழைத்தவர் பெயர் மட்டும் போகவில்லை, பிழை எங்கிருந்து வந்தது என்ற தடமும் போகிறது. ஒரே தட்டச்சுப் பிழை பத்துத் தளத்தில் இருந்தால், ‘பத்து இடத்தில் இருக்கே, சரியாத்தான் இருக்கும்’ என்று நினைக்கிறோம். பத்தும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

சம்பளம் வாங்காமல் செய்தவரிடம் இப்படிக் குறை பிடிக்கலாமா என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். “நீ பத்துப் பக்கம் தட்டச்சு பண்ணிக் கொடுத்துட்டுப் பேசுப்பா” என்றார். நியாயமான கேள்வி. என் பதில் இதுதான்: இந்தக் குறைகளில் முதல் இரண்டும் கல்யாணசுந்தரத்தின் மேல் வைக்க வேண்டியவை இல்லை. பதிப்புகளை ஒப்பிட்டு, பாடம் தேர்ந்து, வரி எண்ணோடு கொடுப்பது தமிழ்த் துறைகளின் வேலை. ஒரு வேதியியலாளர் ராத்திரியில் உட்கார்ந்து அடித்தளம் போட்டுக் கொடுத்த பிறகும், பகலில் சம்பளம் வாங்கும் நாம் மேலே சுவர் எழுப்பவில்லை. தளத்தை விமர்சிக்கும்போது நம்மையும் சேர்த்துத்தான் விமர்சிக்கிறோம். நன்றி மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது தெரியாமலே போய்விடும்.

சித்தப்பாவின் கோப்பு

நாற்பது பக்கமும் இப்போது யூனிகோடில் இருக்கிறது. அச்சுப் படி இருக்கும் பதினோரு பக்கத்தை ஒப்பிட்டுத் திருத்திவிட்டேன். மீதி இருபத்தொன்பதில் சந்தேகமான இடத்தைச் சதுர அடைப்புக்குள் விட்டிருக்கிறேன். நானாக ஊகித்து நிரப்பவில்லை. மேலே தமிழில் ஒரு முகப்பு வைத்தேன்: எழுதியவர், தட்டச்சு செய்த ஆண்டு, எந்த எழுத்துருவிலிருந்து மாற்றியது, எந்தப் பக்கம் ஒப்பிடப்பட்டது, எது ஒப்பிடப்படவில்லை, கடைசியாகத் திருத்திய தேதி. அதற்குக் கீழே ஊர்ப் பெயரை நான்கு விதமாக எழுதினேன். வாலிகண்டபுரம், வாலிகொண்டபுரம், வாலிகண்டாபுரம், அப்புறம் வெள்ளைக்காரன் ஆவணத்தில் இருக்கும் வால்கொண்டா. எந்தப் பெயரில் தேடினாலும் யாருக்காவது கிடைக்கட்டும்.

வெறும் உரைக்கோப்பாகத்தான் வைத்திருக்கிறேன். படம் இல்லை, வண்ணம் இல்லை. ஒரு நகல் என்னிடம், ஒன்று சித்தப்பா மகளிடம், ஒன்று பள்ளிக்கூட நூலகத்தில். இன்னும் பத்து வருஷத்தில் இந்தப் பாத்திரமும் ஓட்டையாகும். அப்போது இதை மாற்ற உட்காரும் பிள்ளைக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆகக்கூடாது. அரை மணி நேரத்தில் முடிய வேண்டும். அந்த முகப்பை அவ்வளவு விவரமா எழுதினது அதுக்காகத்தான்.